பூஜ்யம் போட்ட பிறகு

முப்பது வருடம் கணக்கு நடத்தி, நாகர்கோவிலில் பாதிப்பேரைத் தூங்கவைத்தவன் நான். மருமகள் ஹரிதாவின் ஆராய்ச்சி, ஒருவகைக் கணவாய் மீனுக்குள் வாழும் பாக்டீரியா பற்றியது. ஒவ்வொன்றும் ஒரு ரசாயனத்தைக் கசியவிடும். கூட்டம் பெருகி அது நிறைந்தால் எல்லாம் சேர்ந்து நீலமாக ஒளிரும். அதைக் கணினியில் சமன்பாடாக்கியிருந்தாள்.

மறுநாள் ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டும். வழக்கமான கடைசிச் சோதனையாக எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினாள். இருளவேண்டிய திரை நீலமாக ஒளிர்ந்தது.

“மாமா, ஒண்ணுமே இல்லாத எடத்துல ஆரு கூடுகா?”

“பயப்படாத மக்கா, எங்கயாம் கூட்டலும் கழித்தலும் மாறியிருக்கும்.”

ஆயிரத்தெட்டுத் தடவை சரிபார்த்தேன். பிழையே இல்லை.

அவள் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. அவள் முகத்தில் இருந்த நீலம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது. அவளோ என் முகத்தைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தாள்.