மாப்பிள்ளையின் முழங்கால்

“முழங்கால் இடிக்கக்கூடாது அண்ணை. அதுதான் முக்கியம். இடிச்சுதெண்டால் கலியாணம் இல்லை.”

உரும்பிராய்ச் சந்தியில் கராஜ் வைத்திருந்த தம்பிஐயா, ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வந்தவனை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்தெட்டு வயதிருக்கும். நடுத்தர உயரம். பெயர் தில்லைநாதன் என்றான். அவன் தள்ளிக்கொண்டு வந்த சின்ன ஹொண்டா மோட்டார் சைக்கிள், துடைத்துத் துடைத்தே மினுங்கிப்போயிருந்தது.

“ஆருக்கு இடிக்குது? உமக்கு உது அளவாத்தானே இருக்கு?”

“எனக்கில்லை. இனி இதை ஓடப்போற ஆளுக்கு. ஆள் நல்ல உயரம். போன ஞாயிறு ஒருக்கா ஏறிப் பார்த்தது. ரெண்டு முழங்காலும் முன்தகரத்திலை இடிச்சுப்போச்சு. உதிலை ஏலாதெண்டு உடனை திருப்பித் தந்தாச்சு.”

தம்பிஐயாவுக்கு யாரும் முழுக்கதையும் சொல்லவேண்டியதில்லை. கால்வாசி கேட்டால் போதும், மிச்சத்தை அவரே கட்டி எழுப்பிவிடுவார்.

“விளங்கீற்றுது. மாப்பிள்ளை பகுதி!”

“இல்லை அண்ணை, அது வந்து...”

“நீர் ஒண்டும் சொல்லவேண்டாம். மூண்டு தங்கச்சிமாரைக் கரையேத்தினவன் நான். நடுவிலாளின்ரை மாப்பிள்ளை, குடுத்த மணிக்கூடு ரெண்டு நிமிசம் பிந்தி ஓடுதெண்டு மணவறையிலையே முகத்தை நீட்டினவர். உமக்கு எத்தினை தங்கச்சி?”

“ஒண்டுதான்.”

“சொந்த மோட்டார் சைக்கிளையே குடுக்கிறீரோ? அப்ப நீர் என்ன செய்வீர்?”

“பழைய சைக்கிள் ஒண்டு கிடக்கு. எனக்கு அது காணும்.”

அதைச் சிரித்துக்கொண்டு சொன்ன விதத்தில் தம்பிஐயாவுக்கு அவன்மேல் இரக்கமாகிவிட்டது. முகம் தெரியாத மாப்பிள்ளைமேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

தில்லைநாதன் சட்டைப்பைக்குள்ளிருந்து இரண்டு சணல் நூல்களை எடுத்தான். “நீளமானது கால். கட்டையானது கை. ஆள் தானே அளந்து தந்தது.”

நீள நூலைத் தூக்கிப் பிடித்த தம்பிஐயா திகைத்துப்போனார். “உது காலோ, கமுகோ? சீதனம் வாங்கிறது காணாதெண்டு சட்டை தைக்கிற மாதிரி அளவும் குடுத்து விட்டிருக்கிறாரே!”

“நாளைக்குப் பின்னேரம் ஓடிப் பார்க்கிறதெண்டு கதை. சரிவந்தால்தான் கலியாணக் காட் அடிக்கக் குடுக்கலாம். எப்பிடியாவது செய்து தாங்கோ அண்ணை. இந்தக் கலியாணம் நடக்கவேணும் எனக்கு.”

“செய்து தாறன். ஆனால் மாப்பிள்ளை வரட்டும், நாலு கேள்வி கேக்காமல் விடமாட்டன்.”

வாயில்தான் கோபம், கையில் பிழை வராது அவருக்கு. சீற்றைக் கழற்றி இரண்டு அங்குலம் பின்னுக்குத் தள்ளிப் பூட்டினார். ஹாண்டிலை உயர்த்தினார். கால் வைக்கும் கம்பியை, வளைவில் நிலத்தில் உரசாதபடி பார்த்துப் பார்த்துக் கீழே இறக்கி வெல்டிங்கால் ஒட்டினார். சீற்றை உயர்த்த ஸ்பொஞ்ச் வேண்டும். சாமான் தட்டுப்பாடான அந்த நாட்களில் அதைக் கண்ணாலும் காணமுடியாது. வீட்டுக்குப் போய் மெத்தையின் ஒரு மூலையைப் பிரித்தார்.

“என்னப்பா, படுக்கிற மெத்தையைப் பிடுங்கிறியள்?” என்று கத்தினாள் மனைவி கமலாவதி.

“சத்தம் போடாதையும். ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை வாழ்க்கை இதிலைதான் இருக்கு.”

பிடுங்கிய தேங்காய்த் தும்பை அடைத்து மேலே ரெக்சின் இழுத்துத் தைத்தபோது, சீற் மூன்று அங்குலம் உயர்ந்துவிட்டது.

மறுநாள் பின்னேரம் தில்லைநாதன் நேரத்தோடேயே வந்து, இருக்கவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் றோட்டைப் பார்த்தபடி இருந்தான். தம்பிஐயா தன்னுடைய நாலு கேள்விகளையும் பாடமாக்கி வைத்திருந்தார்.

நீர்வேலிப் பக்கமிருந்து வந்த பஸ் நின்றது. வெள்ளைச் சேலை உடுத்த ஒரு பெண், கையில் தோல்பையோடு, தலை இடிக்காமல் குனிந்து இறங்கினாள். தில்லைநாதனைவிட அரை அடியாவது உயரம்.

‘ஓகோ, இதுதான் தங்கச்சி. இவவுக்குப் பொருத்தமா உயரம் தேடப் போய்த்தான் உப்பிடி ஒருத்தனிட்டை மாட்டுப்பட்டிருக்கினம்’ என்று தம்பிஐயா மனதுக்குள் கணக்கை முடித்துவிட்டார்.

“வாரும் பிள்ளை. மாப்பிள்ளை பின்னாலை வாறாரோ?”

அவள் மெல்லச் சிரித்தாள். “வேலை முடிஞ்சுதோ அண்ணை? முதல்லை ஒருக்கா ஓடிப் பாக்கிறன்.”

அவர் பதில் சொல்வதற்குள் பையை மேசையில் வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உதைத்தாள். மோட்டார் சைக்கிள் சந்தியைத் தாண்டிப் பறந்தது. தம்பிஐயா வாயைத் திறந்தபடி நின்றார். தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து இறங்கினாள்.

“இடிக்கேல்லை அண்ணை. நல்ல சுகமா இருக்கு. நான் மருத்துவிச்சி. கலியாணம் முடிச்சாலும் வேலையை விடமாட்டன், பிள்ளைப்பேறெண்டு எந்த ஊரிலை கூப்பிட்டாலும் நானே ஓடிப்போக ஒரு மோட்டார் சைக்கிள் வேணும் எண்டு சொல்லிப்போட்டன். இனி என்ன, காட் அடிக்கக் குடுக்கலாம்.”

தம்பிஐயா மேசையில் கிடந்த நீள நூலைத் தூக்கிப் பார்த்தார். “அப்ப... கால் அளவு உம்மடையோ? பொறும் பிள்ளை, அப்ப மாப்பிள்ளை எங்கை?”

“நேற்று முழுக்கதையையும் சொல்ல விடேல்லையாமே அண்ணை,” என்று தில்லைநாதனைக் காட்டினாள் அவள். “உவர்தான்!”