அமரர் பூபதி

மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையில் மகன் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று எழுதிக் கொடுத்தார் சென்னியப்பன். போதை ஊசிக்கு அடிமையாகித் தெருவில் கிடக்கிறான் என்று சம்பந்திகளிடம் சொல்வதைவிட அது கௌரவமாக இருந்தது. கல்யாணப் பத்திரிகைகளைத் தானே படித்துப் பதிந்துகொள்ளும் அரசுக் கணினிப் பதிவேடு, அன்றே பூபதியை இறந்தவனாக்கிவிட்டது.

நான்கு வருடம் கழித்து, தெருவில் வாழ்பவர்களின் உடல்நலத்தை ஆராயும் குழுவிலிருந்து ரெஜினா என்ற பெண் தொலைபேசியில் பேசினாள்.

“ஐயா, இங்க ஒருத்தர் இருக்காரு, ரத்தத்தைப் பார்த்தா உங்க மகன்னு தெரியுது. ஈரல் கெட்டுப்போச்சு. எங்ககிட்ட புது மருந்து இருக்கு, ஆனா செத்தவங்க பேருக்கு மருந்து தர முடியாதுங்க. நீங்க நேர்ல வரணும். மகன்னு நீங்களும் அப்பான்னு அவரும் சொல்லணும். பத்திரிகை வாங்கின அத்தனை பேருக்கும் அவர் உயிரோட இருக்காருன்னு திருத்தம் போயிரும்.”

‘அமரர்’ என்ற அந்த ஒரு சொல்லைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது இரண்டு நாள் அவர் நெஞ்சை அரித்தது. மூன்றாம் நாள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, ஈரோடு பேருந்து நிலையத்தை ஒட்டிய ஆய்வுக் கூடாரத்துக்குப் போனார். கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தான் பூபதி.

“இவன் என் மகன்” என்றார் சென்னியப்பன், கூடாரத்துக்கே கேட்கும்படி.

ரெஜினா அவனிடம் திரும்பினாள். “இவர் உங்க அப்பாதானே?”

அவன் அவருடைய சலவை வேட்டியைப் பார்த்தான்.

“இல்லீங்க” என்றான். பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி, “சின்னவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலீங்களே. போயிருங்கய்யா” என்றான்.