அட்டையில் இருந்த முகம்

“பட்டம்மாள்! யாரும்மா பட்டம்மாள்?”

சிதம்பரம் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்ட்டரில் இரண்டு முறை கூப்பிட்டும் யாரும் எழவில்லை. தேவநாதனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன்னையறியாமல் வாசலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளை முழங்கையால் இடித்தான்.

“எழுந்திரு, ஒன்னத்தான்.”

அவளுக்கு இருதயத்தில் வால்வு கெட்டிருந்தது. ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுத்த காப்பீட்டு அட்டை செல்லுபடியானால் ஆபரேஷன். இல்லையென்றால் வீட்டில் பாயைப் போட்டுக் கிடத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

போன வருஷம் கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இதே அட்டையைத்தான் நீட்டினான். “போட்டோவுல இருக்கற பொம்பள வேற. யார ஏமாத்தப் பாக்கற?” என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். முந்திரிக்காட்டில் மண்வெட்டி பிடிக்கும்போதுகூட அந்தக் குரல் அவன் காதுக்குள் வந்துவிடும்.

கவுண்ட்டர்ப் பெண் அட்டையை வாங்கினாள். “பேரு?”

“பட்டம்மா” என்றாள்.

“ஊட்டுக்காரர் பேரு?”

“தேவநாதன்.”

கவுண்ட்டர்ப் பெண் சிரித்துவிட்டாள். “பரவால்லியே! ஒன் வயசுப் பொம்பளைங்க புருஷன் பேரக் கேட்டா மோட்டு வளையப் பாப்பாங்க. நீ பட்டுனு சொல்ற.”

தேவநாதனும் சிரித்துவைத்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“கட்டவெரல வையி.”

முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கருகிய விரல். முதல் தடவை மெஷின் ஏற்கவில்லை. சேலையில் துடைத்துவிட்டு அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

கவுண்ட்டர்ப் பெண் போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “அதே மூஞ்சிதான். சந்தேகமே இல்ல. வெள்ளிக்கெழம வந்து அட்மிட் ஆயிடு.”

தேவநாதன் அவளைக் கைத்தாங்கலாக வராந்தாவுக்குக் கூட்டி வந்தான்.

“பொழச்சிட்ட புள்ள. இன்னும் எதுக்கு அழுவற?”

அவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

“போட்டோ புடிச்ச அன்னிக்கு, அக்கா நடவுக்குப் போயிருக்குன்னு அது எடத்துல நான் ஒக்காந்து ரேக வைக்காம இருந்திருந்தா, அக்கா செத்திருக்காதே மாமா!”