வியர்வை காயும் ஊர்

காசாளருக்கு மாற்றல் வந்திருந்தது. இரண்டு ஊரில் எது வேண்டுமென்று இன்றே சொல்லியாக வேண்டும்.

"கடலோர ஊரையே கேட்டுடறேன். உன் அக்கா அங்க ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவுலயே இருக்காங்க."

"ஐயோ, அந்தப் புழுக்கமா? குளிச்சுட்டு வெளிய வந்தா மறுபடி குளிக்கணும். இன்னொரு ஊருக்கே போவோம்," என்றாள் மனைவி.

"அது அடுப்பாட்டம் காயும். போன தடவை அங்க போனப்பவே உனக்கு உதடெல்லாம் வெடிச்சு ரத்தம் வந்துச்சு!"

"வெண்ணெய் தடவிக்கறேன். அங்க வேர்வை சட்டுனு காஞ்சிடும்ல?"

"அக்கான்னா உயிரை விடுவே. இப்ப வேர்வைதான் பெரிசாப் போச்சா?" அவருக்கு எரிச்சலே வந்துவிட்டது.

துவைத்த துணிகளுக்குள்ளிருந்து அவருடைய ஒற்றைக் காலுறையை எடுத்து அவர் மடியில் போட்டாள். எவ்வளவு கசக்கியும் போகாத ரத்தக் கறை.

"வேர்த்தா வழுக்கி, உரசிப் புண்ணாகுது. வாயைத் திறந்தீங்களா? துவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

அவள் குனிந்து, பட்டையை அவிழ்த்து, அவருடைய செயற்கைக் காலை மெல்லக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.



"காயற ஊரையே கேட்டுடறேன்," என்றார். "ஆனா வெண்ணெய் வாங்கறது என் பொறுப்பு."