யார் வெள்ளை?

கல்யாண மண்டபத்துக் கேமராவுக்கு ஒரு வழக்கம். படம் பிடிக்குமுன் அசல் வெள்ளை ஒன்றைப் பார்த்துக்கொள்ளும். மற்ற நிறங்களையெல்லாம் அதை வைத்துத்தான் முடிவு செய்யும்.

"இங்கே வெள்ளை யாருங்க?" என்றது கேமரா.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்த புது வெள்ளைக் கைக்குட்டை வாய் திறப்பதற்குள், பெட்டியில் கிடந்து பழுப்பேறிய மாமனார் வேட்டி முந்திக்கொண்டது. "என்னை விட்டா வேற யாரு?"

பெரியவர் பொய் சொல்வாரா என்று கேமராவும் நம்பிவிட்டது.

மண்டபத்துத் திரையில் படம் ஓடியது. வேட்டி பளீரென்று வெள்ளை. கைக்குட்டையோ நீலம்!

"பாத்தியா? உனக்குச் சொட்டு நீலம் ஜாஸ்தி" என்றது வேட்டி.

"மாப்பிள்ளை மூஞ்சியும் நீலமாத்தானே இருக்கு, பெரியவரே?" என்றது கைக்குட்டை.

வேட்டி அசரவில்லை. "அவரையும் சரியா அலசாம விட்டுட்டாங்கப்பா."