வண்டித்தடம் வழியாக

“அந்த ரோட்டுல வராண்டாம் மக்கா. வண்டியத் திருப்பு,” என்று போனில் சொன்னாள் சகாயசெல்வி டீச்சர்.

மறுமுனையில் இருந்தது ஆம்புலன்ஸ் டிரைவர் ஜெனித். வடசேரிக்காரன். இந்தக் கடற்கரைப் பக்கம் அவனுக்குப் புதிது. காலையிலிருந்து கொட்டிய மழையில் ஊருக்குள் வரும் ரோடு முழுகிக் கிடந்தது. அவன் போனில் இருந்த மேப் திரும்பத் திரும்ப அதே ரோட்டைத்தான் காட்டியது.

உள்ளறையில் ரீத்தா வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம். இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பி அவள் புருஷன் அனிஷ் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு பேபி அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

அதே வீட்டின் மாடியில் குடியிருந்த சகாயசெல்வி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து ஊருக்கு ஒரு டிஜிட்டல் மேப் செய்திருந்தார்கள். அறிவியலுக்காக, மழைத்தண்ணீர் தேங்கும் இடங்களைக் குறித்தார்கள். கணக்குக்காகச் சந்துகளின் அகலத்தை அளந்தார்கள். வரலாற்றுக்காகப் பழைய பாதைகளை விசாரித்துச் சேர்த்தார்கள். தமிழுக்கு இதில் என்ன வேலை என்று வரலாற்று ஆசிரியர் ஜெபதாஸ் கேட்டார். ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் பிள்ளைகள் நாலு வரி பேசிப் பதிவு செய்யட்டும், அங்கே என்ன கேட்கும், என்ன மணக்கும் என்பதும் அதில் வரவேண்டும் என்று சகாயசெல்வி சொன்னாள். அவரும் சரி என்று விட்டுவிட்டார்.

ஜெனித்துக்கு இதையெல்லாம் விளக்க நேரமில்லை. ஐஸ் கம்பெனி வரைக்கும் பின்னால் போகச் சொன்னாள். முதலில் வரும் கோயில் சந்தில் ஆட்டோதான் நுழையும், அதை விட்டுவிடு என்றாள். அடுத்தது ஓடைக்கரை. ஒரு காலத்தில் உப்பு வண்டிகள் போன தடம். மேடானது, தண்ணீர் நிற்காது, ஆம்புலன்ஸ் தாராளமாகப் போகும்.

வண்டி திரும்பி ஓடைக்கரைத் தடத்தில் ஏறியது. பிறகு ஜெனித் பேசினான்.

“டீச்சர், மழையில ஒண்ணும் தெரியல. ஓடைக்குள்ள எறங்கிருவனோன்னு பயமா இருக்கு.”

“தெரியலேன்னா விடு. கண்ணாடிய எறக்கு. தண்ணி விழுற சத்தம் கேக்குதா?”

“கேக்குது. இடப்பக்கம்.”

“அது மதகு. சத்தத்த இடப்பக்கமே வச்சுட்டு மெள்ள வா. அது பின்னால போனதும் கருவாட்டு வாடை அடிக்கும். அங்க வலத்த திரும்பு.”

உள்ளே ரீத்தா அலறினாள். சகாயசெல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சொன்னதில் ஏதாவது தப்பிவிட்டதோ?

“வாடை வந்தாச்சு டீச்சர்,” என்றான் ஜெனித்.

சற்றைக்கெல்லாம் தெருமுனையில் சைரன் கேட்டது. ஜெனித் இறங்கவில்லை, குறுகிய தெருவில் வண்டியைத் திருப்பி நிறுத்துவதிலேயே இருந்தான். வண்டியில் வந்த நர்ஸும் பேபியும் ரீத்தாவை ஏற்றினார்கள். வந்த வழியிலேயே வண்டி திரும்பிப் போனது.

அதன்பிறகு சகாயசெல்விக்கு உட்கார முடியவில்லை. ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள். மழை விட்டபிறகுதான் போன் அடித்தது. ஜெனித்தான்.

“ஆபரேஷன் முடிஞ்சாச்சு டீச்சர். பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் சுகமா இருக்காவ.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. காலையிலிருந்து இப்போதுதான் ஒழுங்காக மூச்சு விடுவதுபோல் இருந்தது.

இனி இந்தப் பக்கம் அடிக்கடி வரவேண்டியிருக்கும் என்றான் ஜெனித். பிள்ளைகள் செய்த மேப்பைப் பற்றிப் போகும் வழியில் பேபி அவனிடம் சொல்லியிருந்தாள். “அந்த மேப்ப எனக்கும் அனுப்புவியளா டீச்சர்? ஒருதடவ பாக்கணும்.”

“இப்பவே அனுப்புதேன் மக்கா,” என்றாள் சகாயசெல்வி. “பாத்துட்டு, எப்பிடி இருக்குன்னு எனக்கும் சொல்லு. பொறந்ததுல இருந்தே எனக்குக் கண்ணு தெரியாது.”