கொதிக்காமல் ஒரு நடை

"மூடியத் தொட்டுறாதீங்க! இஞ்சின் இன்னும் ஆறல. ஆவி மூஞ்சில அடிச்சிரும்!"

ஜீப்புக்கு அடியில் கிடந்தபடியே ஈஸ்வரி கத்தினாள். ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டுத் திருகப் போன பொன்னுமணி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் ஈஸ்வரிக்கு இருந்த ஒரே துணை பொன்னுமணிதான்.

"வெரசா முடிச்சிரலாமேன்னு பாத்தேன். விடிஞ்சா தேவி கூட்டம் வந்து வாசல்ல நிக்கும்ல, ஆத்தா?"

ஈஸ்வரிக்கும் அதுதான் கவலை. போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை மலைக்கு ஏற்றிப் போவதுதான் அவள் பிழைப்பு. போன வாரம் ஜீப்பு நடுமலையில் கொதித்து நின்றுவிட்டது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் ஓடிவிட, கங்காணி அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிவிட்டான்.

"இன்னொரு தடவ நின்னுச்சுன்னா நாங்க முத்துப்பாண்டி வண்டிக்கு மாறிக்கிடுறோம். கோவிச்சுக்காத ஈஸ்வரி" என்று தேவி சொல்லிவிட்டாள்.

வேறு யார் வண்டியாக இருந்தாலும் ஈஸ்வரி தாங்கியிருப்பாள். முத்துப்பாண்டி அவள் புருஷன். இன்னொருத்தியோடு தேவாரத்தில் குடும்பம் வைத்துக்கொண்டு, இந்தப் பழைய ஜீப்பை மட்டும் வாசலில் விட்டுவிட்டுப் போனவன். ஈஸ்வரி அழுது முடித்து, லைசென்ஸ் எடுத்து, அதே ஜீப்பை ஓட்டத் தொடங்கினாள். அவனும் புது ஜீப்பு வாங்கி அதே மலையில் ஓட்டினான். "அந்த வண்டிக்கு இஞ்சின் ஹெட்டே போயிருச்சு. பொம்பள ஓட்டுனா அப்படித்தான்" என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மெக்கானிக் அருள்பாண்டி பார்த்துவிட்டு வேறு சொன்னான். "ஹெட்டு நல்லாத்தான் இருக்குக்கா. உள்ள தண்ணி ஓடுற வழிதான் அடைச்சிருக்கு. நல்லா அலசிட்டு, இஞ்சினச் சூடேறாம வைக்கிற கூலண்ட்டப் புதுசா ஊத்துங்க."

இஞ்சின் ஆறியதும் ஈஸ்வரி மூடியைத் திறந்தாள். கீழே போய் அடிக்குழாயைக் கழற்றினாள். செங்கல் கரைத்த மாதிரி தண்ணீர் பிளாஸ்டிக் டப்பில் கொட்டியது. கூடவே துருச் சில்லு.

"அய்யய்ய, கூலண்ட்டு பச்சையா இருக்கும்னியே!"

"இருக்கணும். வண்டி வாங்குனப்ப ஊத்துன கூலண்ட்தான். அப்புறம் கொறையக் கொறைய அந்தாளு போர்த் தண்ணிய ஊத்திருக்காரு. உப்புப் படிஞ்சு, துருப் புடிச்சு, எல்லாம் நாசம்."

"சோம்பேறிப் பய! பல்லு வெளக்க வைக்கவே அவங்கிட்ட நாலு தடவ கத்தணும்!" பொன்னுமணி காறித் துப்பினாள்.

தெருநாய் ஒன்று டப்பை மோந்துகொண்டு வந்தது.

"வெரட்டுங்க, வெரட்டுங்க! இனிப்பா இருக்குன்னு நக்கும். வெசம் அது."

பொன்னுமணி நாயை விரட்டிவிட்டு டப்பைப் பலகையால் மூடினாள். பிறகு குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்து வந்தாள். ஈஸ்வரி குழாயை மாட்டி, தண்ணீர் ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி திறந்துவிட்டாள். முதலில் சிவப்பு. அடுத்து மஞ்சள். திரும்பத் திரும்ப அலசி, வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது.

பேட்டரித் தண்ணீரில் கலந்த புதுக் கூலண்டை ஊற்றினாள். இஞ்சின் ஓட ஓடக் காற்றுக் குமிழிகள் வெளியேறி, மட்டம் இறங்கியது. இன்னும் ஊற்றி நிரப்பி மூடியை இறுக்கினாள். கையெல்லாம் கறுப்பு.

"மலை ஏறிருமா, ஆத்தா?"

"ஏறணும்" என்றாள் ஈஸ்வரி.

மறுநாள் காலை பெண்கள் ஆளுக்கொரு தூக்குவாளியோடு ஏறினார்கள். முன்சீட்டில் பொன்னுமணி முந்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நானும் வர்றேன். வழியில நின்னா, எறங்கித் தள்ளுற மொத ஆளு நானா இருக்கேன்."

மலையடியில் முந்தல் ஊரைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பேச்சு நின்றது. எல்லார் கண்ணும் இஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் முள்ளின் மேல்தான். வளைவுக்கு வளைவு ஈஸ்வரி கியரை மாற்றினாள். போன வாரம் நின்ற வளைவு வந்தது. பொன்னுமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது அந்த வளைவு கீழே கிடந்தது.

"முள்ளு நடுவுலயே நிக்குதுடி!" என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்துத் தேவி கத்தினாள். "ஏ ஈஸ்வரி, இனிமே நாங்க வேற எந்த வண்டிக்கும் போகமாட்டோம், போ!"

மலை உச்சியில் போடிமெட்டு பனி மூடிக் கிடந்தது. டீக்கடை முன்னால் புது ஜீப்பில் சாய்ந்து நின்ற முத்துப்பாண்டியின் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினாள் ஈஸ்வரி. புகை இல்லை, ஆவி இல்லை. அவன் டீயைக் குடிக்க மறந்து பார்த்தான்.

பார்த்தது ஜீப்பை மட்டும் இல்லை. முன்சீட்டுப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"நீ எதுக்கு இதுல வந்த? நாலு பேரு பாக்குறாக. எறங்கி என் வண்டில ஏறு."

பொன்னுமணி சீட்டில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"என்னைய அசிங்கப்படுத்தாதம்மா..." என்று இழுத்தான் முத்துப்பாண்டி.

"ஒன்னையப் பெத்தவதான்டா நான். அதுக்காக என் மருமக ஓட்டுற வண்டிய விட்டு எறங்கணுமா?" என்றாள் பொன்னுமணி. பின்னாலிருந்து தேவி போட்ட குலவை மலை முழுக்கக் கேட்டது.